அமெரிக்கா போருக்கு வந்த கதையை இரண்டு கயிற்றில் படிப்பிப்பது எப்படி

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளின் வரலாற்றுக் கொப்பிகளை வாங்கிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சேர்ந்தது பற்றி அநேகமாக ஒரு வரிதான் இருக்கும்: ‘1941 டிசம்பர் 7 இல் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது, அதனால் அமெரிக்கா போரில் இறங்கியது.’ பிழையான வரி இல்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அதோடு விட்டால், ஞாயிறு குண்டு விழ, திங்கள் ஒரு நாடே எழும்பிப் போருக்குப் போய்விட்டது என்றுதான் பிள்ளை நினைக்கும். அதற்கு முந்திய இரண்டு வருடத்தில், தாங்களே சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தவற்றை அமெரிக்கர்கள் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்ணால் காட்டத்தான் இந்தக் கயிற்று முறை.

நான் படிப்பிப்பது விசுவமடுப் பக்கம். படம் போட்டுக் காட்டும் கருவி அதிபரின் அறையில் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து, வயர் தேடி, கரண்டும் இருக்கவேண்டும் என்று பார்த்தால் பாடவேளை முடிந்துவிடும். கயிறுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிறு இரண்டு, உடுப்புக் கிளிப் ஒரு பிடி, பழைய கலண்டர்த் தாள்களை வெட்டிய அட்டைகள், தடித்த பேனை. பாடவேளை மூன்று வேண்டும். இரண்டில் முடிக்கலாம்தான், ஆனால் வாக்குவாதத்தை வெட்ட வேண்டிவரும், அதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

ஒரு கயிற்றை யன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை தோள் உயரத்தில் கட்டுங்கள். அது அத்திலாந்திக், அதாவது ஐரோப்பா. மற்றதை இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். அது பசிபிக், அதாவது யப்பான். இரண்டுக்கும் இடது முனையில் ‘தலையிடாதே’ என்றும் வலது முனையில் ‘போர்’ என்றும் எழுதித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சிவப்புக் கிளிப். அந்தக் கிளிப்தான் அமெரிக்கா. ஒரு பிள்ளை அட்டையை வாசிக்க, கிளிப்பை எத்தனை சாண் நகர்த்தலாம் என்று வகுப்பு தீர்மானிக்கும். ஆசிரியர் கிளிப்பைத் தொடக்கூடாது. கை துருதுருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது முனையில் அவசரப்படாதீர்கள்

முதற் பாடவேளையில் பாதியாவது இடது முனைக்கே போகவேண்டும். ஒதுங்கியிருக்க விரும்பிய அமெரிக்கர்களை மூடர்களாகவோ கோழைகளாகவோ காட்டினால் பிறகு வருவது எதுவும் விளங்காது. அவர்களிடம் காரணம் இருந்தது. 1917 இல் ஒரு தடவை ஐரோப்பியப் போருக்குப் போய் ஏறத்தாழ 1,16,000 பேரை இழந்தார்கள். அந்தப் போரின் முடிவில் சனாதிபதி வில்சன் கொண்டுவந்த வேர்சாய் ஒப்பந்தத்தை அவர்களுடைய செனற் சபையே ஏற்கவில்லை. சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவும் இல்லை. 1930களில் பொருளாதாரம் விழுந்தது. 1933 இல் உழைக்கக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. 1934 இலிருந்து செனற்றர் ஜெரல்ட் நையின் குழு, போன போரில் ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று விசாரித்தது. 1937 இல் கலப் கருத்துக் கணிப்பில் கேட்டபோது, அந்தப் போருக்குப் போனதே பிழை என்று நூற்றுக்கு 70 பேர் சொன்னார்கள்.

இவ்வளவையும் வாசித்த பிறகு 1935 நடுநிலைமைச் சட்டத்தைத் தொங்கவிடுங்கள்: போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக்கூடாது. அடுத்த வருடம் கடனும் கொடுக்கக்கூடாது என்று சேர்த்தார்கள். இப்போது அந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு நியாயமாகத்தான் படும். படவேண்டும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கக்கூடும், அமெரிக்கா அப்போது உண்மையிலேயே ஒதுங்கித்தான் இருந்ததா என்று. இல்லை. 1933 வரை நிக்கரகுவாவிலும் 1934 வரை ஹெயிட்டியிலும் அதன் படையினர் நின்றார்கள். ஒதுங்கல் என்பது ஐரோப்பியச் சண்டைகளிலிருந்து ஒதுங்கல். சொல்லிவிட்டுக் கடந்து போங்கள்.

இங்கே ஒரு வாக்கெடுப்பு வையுங்கள். நாடு தாக்கப்பட்டால் தவிர, போருக்குப் போவதா என்று மக்களிடம் வாக்குக் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும் என்று லட்லோ என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று கொண்டுவந்தார். என் வகுப்பில் எப்போதும் கைகள் எல்லாம் மேலே போகும். போருக்கு முதல் தங்களை யாரும் கேட்டதாக இங்கே ஒரு வீட்டிலும் கதை இல்லை. கைகளை எண்ணிய பிறகு முடிவைச் சொல்லுங்கள்: 1938 ஜனவரியில் அதை விவாதத்துக்கு எடுப்பதா என்ற வாக்கெடுப்பிலேயே 209க்கு 188 என்று தோற்றது. சனாதிபதி ரூஸ்வெல்ட் எதிர்த்தும் 188 பேர் வேண்டும் என்றார்கள். வகுப்பு ஏமாற்றமடையும். அந்த ஏமாற்றத்தோடு, 188 என்ற எண்ணை அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

கிளிப் பின்னாலும் போகும் என்பதைக் காட்ட ஓர் அட்டை தேவை. 1937 ஒக்டோபரில் ரூஸ்வெல்ட் சிக்காகோவில் பேசும்போது, தொற்றுநோய் வந்தவர்களைத் தனிமைப்படுத்துவதைப் போல ஆக்கிரமிப்பு நாடுகளையும் தனிமைப்படுத்தவேண்டும் என்றார். எதிர்ப்பு வந்ததும் அந்தப் பேச்சை நடைமுறைக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டார். ஒரு சாண் முன்னுக்கு, ஒரு சாண் பின்னுக்கு.

இரக்கம் எங்கே நிற்கிறது

1938 நவம்பரில் ஜேர்மனியில் யூதர்களின் கடைகளையும் செபக்கூடங்களையும் நாசிகள் ஒரே இரவில் உடைத்தும் எரித்தும் நாசமாக்கினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் அது முதற்பக்கச் செய்தி. அப்போது எடுத்த கணிப்பில் யூதர்களை நாசிகள் நடத்தும் விதத்தைக் கண்டித்தவர்கள் நூற்றுக்கு 90க்கு மேல். அந்த நாட்களிலேயே, கூடுதலான யூத அகதிகளை நாட்டுக்குள் விடலாமா என்று கேட்டதற்கு நூற்றுக்கு 70க்கு மேல் ‘வேண்டாம்’. இந்த இரண்டு அட்டைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே கிளிப்பில் மாட்டுங்கள்.

அடுத்த அட்டை சென்ற் லூயிஸ் கப்பல். 1939 மே மாதம் 900க்கு மேற்பட்ட யூத அகதிகளோடு ஹம்பேர்க்கிலிருந்து கியூபாவுக்குப் போனது. மிகச் சிலரைத் தவிர யாரையும் கியூபா இறங்க விடவில்லை. கப்பல் மயாமியின் வெளிச்சம் தெரியும் தூரத்தில் நின்றது, அமெரிக்காவும் விடவில்லை. திரும்பிப் போனவர்களை பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து பிரித்து ஏற்றன. பிறகு அந்த நாடுகளில் மூன்று ஹிட்லரின் கைக்குப் போக, பயணிகளில் 254 பேர் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் 20,000 அகதிக் குழந்தைகளை எடுக்கக் கொண்டுவந்த சட்டமூலம் வாக்கெடுப்புக்குக்கூட வராமல் செத்துப்போனது.

அப்போது ஒரு குரல் வரும். என் வகுப்பில் பின்வாங்கிலிருந்து வந்தது: “ரீச்சர், அப்ப அவையளுக்குத் தெரிஞ்சுதானே இருந்தது? தெரிஞ்சும் ஏன் கதவைத் திறக்கேல்ல?”

இந்தக் கேள்வி வன்னியில் சும்மா வராது. இப்போது என் முன்னால் இருப்பவர்கள் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். கப்பல் வரும், யாராவது வருவார்கள் என்று கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நின்ற கதை அவர்களுடைய வீடுகளில் இருக்கிறது. ஆசிரியர் செய்யக்கூடாதது இரண்டு. ஒன்று, ‘அது வேறு, இது வேறு’ என்று வாயை அடைப்பது. மற்றது, பாடத்தை அப்படியே விட்டுவிட்டு எங்கள் கதைக்குப் போய்விடுவது. நான் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுவேன்: ‘தெரிந்ததா?’ ‘திறக்காமல் விட என்ன காரணம் சொன்னார்கள்?’ முதலாவதுக்கு விடை, ஆம். இரண்டாவதுக்குப் பிள்ளைகளே தேடட்டும்: வேலையில்லாத் திண்டாட்டம், 1924 குடிவரவுச் சட்டம் வைத்த கோட்டா, அகதிகளுக்குள் உளவாளி வருவான் என்ற பயம், அமெரிக்கர்களிடமே பரவலாக இருந்த யூத வெறுப்பு. கடைசிக் காரணத்தைப் பல குறிப்புகளில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். யாராவது பிள்ளை தன் வீட்டுக் கதையைத் தானாகச் சொன்னால் இருந்து கேளுங்கள். சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இந்த அட்டைகளுக்குக் கிளிப் நகருமா என்று கேளுங்கள். பெரிய சண்டை வரும். இரண்டு மூன்று விரலுக்கு மேல் நகராது என்று முடிப்பார்கள். எனக்கும் அதுதான் அபிப்பிராயம்: அந்த வருடம் கோபம் இருந்தது, சட்டம் மாறவில்லை.

மேல் கயிறு

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் நாடு நடுநிலை வகிக்கும் என்று ரூஸ்வெல்ட் வானொலியில் சொன்னார்; ஆனால் மனதாலும் நடுநிலையாக இருங்கள் என்று ஒவ்வோர் அமெரிக்கரிடமும் தன்னால் கேட்கமுடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டது: ஆயுதம் வாங்கலாம், காசைக் கையில் தந்து, உங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போங்கள். சட்டத்தில் இரு பக்கத்துக்கும் பொதுதான். ஆனால் கடல் யார் கையில் இருந்தது என்று தேசப்படத்தில் பார்க்கச் சொல்லுங்கள், யாருக்காகப் போட்ட சட்டம் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. அதற்குப் பிறகு அட்டைகள் விறுவிறென்று வரும். செப்டெம்பர் 2 இல் 50 பழைய நாசகாரிக் கப்பல்கள் பிரித்தானியாவுக்கு, பதிலுக்கு அதன் தீவுகளில் 99 வருடக் குத்தகைக்குத் தளங்கள். செப்டெம்பர் 16 இல் அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாகப் போரில்லாக் காலத்தில் கட்டாய ஆட்சேர்ப்பு, 21 முதல் 35 வயதுவரை. இந்த அட்டையை வாசிக்கக் கொடுக்கும் பிள்ளையை முன்கூட்டியே யோசித்துத் தெரியுங்கள். சில வீடுகளில் அது ஆறாத விடயம்.

அந்த இலையுதிர் காலத்தில் எட்வர்ட் மரோ என்ற வானொலிச் செய்தியாளர் லண்டனிலிருந்து இரவுச் செய்தி சொன்னார். விமான எதிர்ப்புப் பீரங்கிச் சத்தத்தை அமெரிக்கர்கள் வீட்டில் இருந்தபடி கேட்டார்கள். இதற்கு வீட்டுவேலை ஒன்று கொடுக்கலாம்: தொண்ணூறுகளில் பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் தமிழோசை கேட்டதைப் பற்றி அப்பப்பாவிடம் விசாரித்து அரைப்பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். மரோவின் குரல் என்ன செய்தது என்று விளக்க எனக்கு அதற்குப் பிறகு வேலை இருப்பதில்லை.

1940 இறுதியில் பிரித்தானியாவிடம் காசு தீர்ந்தது. பக்கத்து வீடு எரியும்போது எங்கள் வீட்டுத் தண்ணிக் குழாயின் விலையைப் பேசிக்கொண்டா நிற்போம், கொடுத்துவிட்டு நெருப்பு அணைந்த பிறகு திருப்பி வாங்கமாட்டோமா என்று ரூஸ்வெல்ட் செய்தியாளர்களிடம் கேட்டார். அதற்கு செனற்றர் டாஃப்ட் சொன்ன பதிலையும் கட்டாயம் வாசியுங்கள்: ஆயுதத்தை இரவல் கொடுப்பது சுவிங்கத்தை இரவல் கொடுப்பது மாதிரி, திருப்பி வாங்க யாருக்கும் மனம் வராது. வகுப்பு சிரித்து முடியட்டும். பிறகு கேளுங்கள், யார் சொன்னது சரி? 1941 மார்ச் 11 இல் கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறியது. போர் முடியும்போது ஏறத்தாழ 50 பில்லியன் டொலர் பெறுமதியான பொருள் போயிருந்தது. பெரும்பகுதி திரும்பி வரவே இல்லை. டாஃப்ட் கணக்கில் சரி என்பது என் முடிவு. குழாய் கொடுத்திருக்கக்கூடாது என்பது அதிலிருந்து வராது.

விவாதத்துக்கு வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம், நேச நாடுகளுக்கு உதவவேண்டும் என்று கன்சாஸ் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் அலன் வைற் தலைமையில் 1940 மே மாதம் தொடங்கிய குழு. மற்றப் பக்கம், அதே வருடம் செப்டெம்பரில் தொடங்கிய ‘அமெரிக்கா முதலில்’ குழு. உச்சத்தில் அதற்கு எட்டு லட்சம் பேர்வரை உறுப்பினர்கள். விமானி சார்ள்ஸ் லின்ட்பேர்க் அதன் பிரபலமான பேச்சாளர். உங்கள் வகுப்பின் நல்ல பேச்சாளர்களை இரண்டாவது பக்கத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் விவாதம் ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும், ஏனென்றால் முடிவு எல்லோருக்கும் தெரியும். விவாதம் முடிந்த பிறகு, 1941 செப்டெம்பர் 11 இல் டெமோயினில் லின்ட்பேர்க் பேசியதைச் சொல்லுங்கள்: நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் பிரித்தானியர், யூதர், ரூஸ்வெல்ட் நிர்வாகம் என்றார். அந்தப் பேச்சு அவருடைய பக்கத்தையே காயப்படுத்தியது.

இதற்குப் பிறகு கலப் கேள்விகள். இரண்டு துண்டுக் கடதாசி கொடுங்கள். முதலாவதில்: ‘போருக்குள் இழுபடும் ஆபத்து இருந்தாலும் பிரித்தானியாவுக்கு உதவலாமா?’ இரண்டாவதில்: ‘இப்போதே போர் அறிவிக்கலாமா?’ என் வகுப்பில் முதலாவதுக்குப் பெரும்பாலும் ஆம், இரண்டாவதுக்குப் பெரும்பாலும் இல்லை. அமெரிக்கர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1941 தொடக்கத்தில் முதலாவதுக்கு நூற்றுக்கு 60க்கு மேல் ஆம். இரண்டாவதுக்குப் பெரும்பான்மை அந்த வருடம் முழுக்க இல்லை. கிளிப் எங்கே நிற்கவேண்டும் என்று கேட்டால் இப்போது பிள்ளைகள் திணறுவார்கள். இரண்டு விடையையும் ஒரே ஆள் சொல்லமுடியும் என்று பிடித்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

ரூஸ்வெல்டையும் சும்மா விடாதீர்கள். 1940 ஒக்டோபர் 30 இல், தேர்தலுக்கு ஒரு கிழமைக்கு முன், உங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுப் போருக்கு அனுப்பமாட்டேன் என்று பொஸ்ரனில் தாய் தகப்பன்மாருக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். 1941 செப்டெம்பரில் கிரீர் என்ற கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி எச்சரிக்கையில்லாமல் தாக்கியது என்று வானொலியில் சொன்னார். அந்தக் கப்பல் அதற்கு முன் மணிக்கணக்காக நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து, அது நிற்கும் இடத்தை பிரித்தானிய விமானத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. ஹிட்லரை எதிர்த்தவர் என்பதற்காக இந்த அட்டையை மறைத்தால் நாங்கள் படிப்பிப்பது வரலாறு இல்லை.

1941 ஓகஸ்ற் 12 அட்டையைக் கடைசிக்கு வைத்திருங்கள். ஆட்சேர்ப்புக்கு உள்ளானவர்களின் சேவையை நீடிக்கலாமா என்று பிரதிநிதிகள் சபை வாக்களித்தது: 203க்கு 202. பேர்ள் துறைமுகத்துக்கு நாலு மாதம்கூட இல்லை. ஒக்டோபர் 31 இல் ருபென் ஜேம்ஸ் என்ற நாசகாரி மூழ்கடிக்கப்பட்டு நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அதற்கும் போர் அறிவிப்பு வரவில்லை. மேல் கயிற்றில் கிளிப் வலது முனைக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே நிற்கட்டும்.

கீழ்க் கயிறு

இதைச் சுருக்கமாகச் செய்யலாம், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருளாதாரத் தடை என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்திலில் திரி போட்டுப் படித்த தாய் தகப்பனிடம் வளர்ந்தவர்கள். யப்பான் 1937 இல் சீனாவுக்குள் முழு அளவில் இறங்கியது. 1940 செப்டெம்பரில் அமெரிக்கா பழைய இரும்பு ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த நாட்களில் யப்பான், ஜேர்மனி, இத்தாலி மூன்றும் முத்தரப்பு உடன்படிக்கை செய்தன. 1941 ஜூலையில் யப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் போக, அதன் பணம் முடக்கப்பட்டது, எண்ணெயும் நின்றது. யப்பானின் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. தடை என்றவுடன் பிள்ளைகளின் மனம் யப்பான் பக்கம் சாயும். எனக்கு ஒவ்வொரு முறையும் நடக்கிறது. அப்போது நான்கிங் அட்டையை வாசியுங்கள்: 1937 டிசம்பரில் அந்த நகரில் யப்பானியப் படை சனங்களைக் கொன்று குவித்தது. தடைபட்டது அந்தப் படைக்குப் போன எண்ணெய்.

கிளிப் கீழ்க் கயிற்றில் நடுவைத் தாண்டியிருக்கும். டிசம்பர் 7 அட்டையை இப்போதுதான் எடுக்கவேண்டும். 2,403 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் செனற்றில் 82க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 388க்கு 1. அந்த ஒன்று ஜெனற் ரங்கின், 1917 இலும் போருக்கு எதிராக வாக்களித்தவர். கீழ்க் கிளிப் முனைக்குப் போகும். உடனே யாராவது மேல் கிளிப்பையும் இழுக்கப் பார்ப்பார்கள். தடுத்துவிடுங்கள். டிசம்பர் 8 இல் அமெரிக்கா போர் அறிவித்தது யப்பானோடு மட்டும். மேல் கயிற்றை முடித்துவைத்தது ஹிட்லர்: டிசம்பர் 11 இல் அவரே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். முத்தரப்பு உடன்படிக்கைப்படி அவர் அதைச் செய்யவேண்டிய கட்டாயம்கூட இல்லை, ஏனென்றால் தாக்கியது யப்பான், தாக்கப்பட்டது அல்ல.

நேரம் மிஞ்சினால் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அணியின் தளபதி நகுமோவின் பெயரை எழுதிவிட்டு, அதே ஆள் நாலு மாதம் கழித்து எங்கே வந்தார் என்று கேளுங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்ரர் ஞாயிறு, கொழும்பு. ஏப்ரல் 9, திருகோணமலை; அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் போனது. அந்தப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை வவுனியாவிலும் தளம் வைத்திருந்தது என்று சொன்னால், பேர்ள் துறைமுகம் இருக்கும் ஹவாயைத் தூர இடமாகப் பார்த்தவர்கள் நிமிர்ந்து இருப்பார்கள்.

பரீட்சைக்கு எழுதும்போது காரணங்களை மேல் கயிறு, கீழ்க் கயிறு என்று இரண்டு பந்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பாடமாக்கவேண்டிய திகதிகள் ஐந்தாறு போதும்: 1935, 1939 நவம்பர், 1940 செப்டெம்பர், 1941 மார்ச் 11, 1941 ஜூலை, 1941 டிசம்பர் 7 முதல் 11 வரை. டிசம்பர் 7 ஐ எழுதி 11 ஐ விட்ட விடைத்தாளுக்கு நான் ஒரு புள்ளி குறைக்கிறேன். பெற்றோர் தினத்தில் ஒரு தகப்பன் அதைப் பற்றி முறையிட்டார். கயிறு அப்போதும் சுவரில் கட்டியபடி இருந்தது, அவரையும் ஒரு கிளிப்பைப் பிடிக்கச் சொன்னேன்.